எட்டுக் கட்டம்

ரங்கூன் காது ஆஸ்பத்திரியில்
டாக்டர் தீரி ஊ ஒரு தாள் கொடுத்தார்.
எட்டுக் கட்டம்.
உங்கள் மகளின் பூட்டன் பூட்டி எட்டுப் பேர்,
பெயர் எழுதுங்கள் என்றார்.

ஆறு பேர் எழுதினேன்.
ஏழாவதில் பேனா நின்றது.
மறுபடியும் வையாபுரி.
மறுபடியும் செங்கமலம்.
இவர்களை ஏற்கெனவே எழுதிவிட்டீர்களே?
அவர்களேதான், என்றேன்.

கல்யாணத்துக்கு முன்னால்
கணவர் உங்களுக்கு என்ன வேண்டும்?
பர்மியப் பேச்சில் தேடிப் பார்த்தேன்.
அந்தப் பேச்சில் அவர்
'வயிறு பிரிந்த அண்ணன்'.
சொன்னதும் டாக்டரின் புருவம்
ஏறி இறங்கியது.
எங்களிடம் அத்தான் என்று
தனியாக ஒரு சொல் இருக்கிறது, டாக்டர்.
ஐந்து வயதில் அதைச் சொல்லச் சொல்லி
வீடே சிரிக்கும்.
நான் நெல் குதிருக்குப் பின்னால் ஓடுவேன்.

ஞாங்லேபினுக்குக் கிழக்கே எங்கள் பக்கம்
ஒரு காலத்தில் இருநூறு தமிழ் வீடு.
கடைகளைச் சர்க்கார் எடுத்த வருஷம்
கப்பல் வந்து அள்ளிக்கொண்டு போனது.
சட்டி பானை மட்டுமா,
மாப்பிள்ளைகளும் போனார்கள்.
மிச்சம் பதினேழு வீடு.
அதில் யாரை யார் கட்ட?
அத்தை வீடு
அழுதால் கேட்கிற தூரம்.
நிலம் பிரியாது, எருமை பிரியாது.
அப்பா சரியாகத்தான் செய்தார்
என்று இன்னும் நினைக்கிறேன்,
பாதி நாள்.

இரண்டு கணக்கு நோட்டு, என்றார் டாக்டர்.
தாயுடையது ஒன்று, தகப்பனுடையது ஒன்று.
ஒன்றில் பிழை இருந்தால்
மற்றதைப் பார்த்துப் பிள்ளை சமாளித்துக்கொள்ளும்.
உங்கள் இரண்டிலும்
ஒரே பழைய நோட்டைப் பார்த்து எழுதிய பக்கங்கள் உண்டு.
வையாபுரியோ செங்கமலமோ
யார் கை எங்கே தவறியதோ,
அந்தப் பிழை இரண்டு வீட்டு வழியாக நடந்து வந்து
வள்ளிக்கண்ணுவின் காதில் சந்தித்திருக்கிறது.
யார் வீட்டிலும் நடக்கும்.
உங்கள் வீட்டில் கொஞ்சம் சுலபம்.
அடுத்த பிள்ளைக்கு?
நாலில் ஒன்று.
அது நல்ல செய்தியா கெட்டதா என்று
அவர் முகத்தில் எழுதியிருக்கவில்லை.

திரும்பும் ரயில் குலுக்கிய குலுக்கில்
மடியிலேயே தூங்கிவிட்டாள்.
கன்னத்துத் தனக்கா என் ரவிக்கையில் ஒட்டியது.
பெகு தாண்டி அவர் வாய் திறந்தார்:
"உளுந்துக்கே மூணு வருஷத்துக்கு ஒருதரம்
ஆத்துக்கு அக்கரையிலேருந்து விதை மாத்துறோம்."
அப்புறம் வீடு வரை பேசவில்லை.
நல்ல மனுஷன்.
அதுதான் கஷ்டம்.
கோபித்துக்கொள்ள எனக்கு
வெளியாள் ஒருவரும் இல்லை.

தை பிறந்ததும் அத்தை தாம்பாளத்தோடு வந்தாள்,
என் தங்கை அஞ்சலையைக் கேட்டு,
இளையவன் மணிவேலுக்கு.
உரிமை, என்றாள்.
பெண்ணுக்கு வெளியே போவானேன், என்றாள்.
உள்ளறையில் அஞ்சலையின் கை
பின்னல் பாதியில் நின்றதை
நான் மட்டும் பார்த்தேன்.

எட்டுக் கட்டத் தாளை எடுத்துக் காட்டலாம்.
பெட்டியில்தான் இருக்கிறது.
இவர்களுக்கு எத்தனையில் ஒன்று என்று
டாக்டரைக் கேட்க மறந்திருந்தேன்.
வாய் திறந்தால்
என் பிள்ளையைக் காட்டிப்
பயமுறுத்துகிற மாதிரி ஆகும்.
அவள் எங்களுக்கு முதுகு காட்டிச்
சிமெண்டுத் தரையில்
உளுந்தை வரிசை வைத்துக்கொண்டிருந்தாள்.

அத்தை கையிலிருந்து தாம்பாளத்தை வாங்கினேன்.
மகளின் முதுகுக்குப் பின்னால் போய் நின்றேன்.
தலைக்கு மேல் உயர்த்தி
விட்டேன்.

பக்கத்துக் கரேன் வீட்டு நாய் குரைத்தது.
அத்தை நெஞ்சைப் பிடித்துக்கொண்டாள்.
மணிவேல் எழுந்தே விட்டான்.
இவர் மட்டும் தலை தூக்கவில்லை.

மகள் இன்னொரு உளுந்தை வைத்தாள்.
அதற்கடுத்ததையும் வைத்தாள்.
ஒரு கொட்டைப்பாக்கு உருண்டு போய்
வரிசையைக் கலைத்த பிறகுதான் திரும்பினாள்.
எல்லார் முகத்தையும் பார்த்தாள்.
ஏதோ விளையாட்டு என்று நினைத்து
அத்தையைப் போலவே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு
சிரித்தாள், வீடு அதிர.

அத்தை குனிந்து
வெற்றிலையைப் பொறுக்க ஆரம்பித்தாள்,
ஒவ்வொன்றாக, மண் தட்டி.
தாம்பாளத்தில் வைக்கப்போகிறாளா,
மடியில் கட்டிக்கொள்ளப்போகிறாளா என்று
அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தோம்.